மேகலா பஸ்ஸும் இசக்கிப்பாண்டி அண்ணாச்சியின் இடது குதிகாலும்

ஜூலை 28, திங்கள்

அறுபத்திரண்டாயிரம்! மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அறுபத்திரண்டாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். இன்று காலை போட்ட ரீலைத்தான் சொல்கிறேன். எழுத்து கோணலாக இருப்பது சந்தோஷத்தில்.

புது நோட்டு என்பதால் முறைப்படி ஆரம்பிக்கிறேன். நான் பிரிசில்லா, வயது இருபது, ஊர் திசையன்விளை. வீட்டைப் பொறுத்தவரை தினமும் திருநெல்வேலிக்குப் போய் டேலி கணக்கு படிக்கிற பெண். உண்மையில் 'மேகலா ஆர்மி' ரீல்ஸ் பக்கத்தின் நிறுவனர், தலைமை அட்மின், கேமரா, எடிட்டிங். யாரும் சொல்லித்தரவில்லை, எல்லாம் போனைப் பார்த்துக் கற்றதுதான். மேகலா நடிகை இல்லை. பஸ். காலை ஆறு நாற்பதுக்குத் திசையன்விளையில் கிளம்பி எட்டரைக்குத் திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும் தனியார் பஸ். பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் நாற்பத்தோராயிரம் பேர். துபாயில் உட்கார்ந்து ஹார்ன் சத்தம் கேட்டு அழுகிறார்கள்.

ஓட்டுபவர் இசக்கிப்பாண்டி அண்ணாச்சி. வயது ஐம்பத்திரண்டு. திருநெல்வேலியில் வண்டி நின்றதும் டிரைவர் பக்கக் கதவைத் திறப்பார். மீசையை ஒருமுறை தடவுவார். படியில் கால் வைக்காமல் அப்படியே தரையில் குதிப்பார். தூசி கிளம்பும். அதை ஸ்லோமோஷனில் போட்டு, அடியில் செண்டை மேளத்தை ஓடவிட்டால் போதும். எங்கள் போட்டி பஸ் 'கோமேதகத்துக்கும்' ஒரு பக்கம் உண்டு; அதன் டிரைவர் அருளப்பனும் மே மாதத்தில் இருந்து குதிக்கிறார். எல்லாம் எங்களைப் பார்த்துச் செய்த காப்பி.

இன்று ஏழாவது டேக்கில்தான் எல்லாம் சரியாக அமைந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவ, அண்ணாச்சி."

"ஆறு தடவையும் இதத்தானட்டி சொன்ன?"

"அதெல்லாம் தூசிக்கு. இது மீசைக்கு."

மறுபடி ஏறிப்போய்க் குதித்தார். மனுஷன் தங்கம்.

ஜூலை 30, புதன்

அண்ணாச்சி டீக்கடைக்கு இடது காலின் முன்பக்கத்தை மட்டும் ஊன்றி, ஒரு மாதிரித் தத்தித் தத்தி நடந்தார். புது ஸ்டைல் என்று நினைத்து, பின்னாலேயே படம் எடுத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் காஜா அண்ணன் வந்து போனை மறைத்தார்.

"ஏட்டி, போனக் கீழ போடு. அது ஸ்டைலு இல்ல. குதிங்கால் வலி. காலையில கட்டில்ல இருந்து எந்திச்சா மொத அடி வைக்க முடியலங்காரு. ஆணி மேல மிதிக்க மாதிரி இருக்காம்."

"எத்தன நாளா?"

"நாலு மாசம் இருக்கும்."

எங்கள் பக்கம் ஆரம்பித்தும் ஐந்து மாதம். பக்கம் வளர்கிற நேரம் பார்த்து அண்ணாச்சிக்கு இப்படி வந்திருக்கிறது, பாவம்.

இது முதலாளி தங்கதுரை காதுக்குப் போகவே கூடாது என்று காஜா அண்ணன் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆகஸ்ட் 29 அன்று புது மேகலா வருகிறது. புதுப் பாடி, புது சீட், புது ஹார்ன். அதன் முதல் டிரிப்பை யார் எடுக்கிறாரோ அவருக்குத்தான் அந்த வண்டி. முதலாளியின் அக்கா மகன் ராபின் காக்கிச் சட்டையைத் தேய்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அண்ணாச்சி கால் சரியில்லை என்று தெரிந்தால் அவர் ஷெட்டில் ஸ்பேர் வண்டிக்குப் போய்விடுவார். பழைய டயர்களுக்கு நடுவே இசக்கிப்பாண்டி அண்ணாச்சி!

அவரைக் குணப்படுத்தும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். முப்பது நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பதினோரு வீடியோ பார்த்தேன். இந்த நோய்க்குக் குதிகால் முள் என்று பெயர். குதிகால் எலும்பில் முள் மாதிரி ஒன்று வளருமாம். மருந்து: செங்கல்லைச் சூடாக்கி, மேலே எருக்கம் இலையை வைத்து, அதில் குதிகாலை அழுத்த வேண்டும்.

சாயங்காலம் அண்ணாச்சி வீட்டு வாசலில் ஏற்பாடு செய்தேன். 'மிதமான சூடு' என்று வீடியோவில் சொன்னார்கள். செங்கல்லுக்கு எது மிதம் என்று சொல்லவில்லை. அண்ணாச்சி கால் வைத்தார். இலை சுருண்டது. அண்ணாச்சி உட்கார்ந்த நாற்காலியில் இருந்து நேராக மேலே போனார்.

அவர் மனைவி சொர்ணம் மதினி அடுக்களையில் இருந்து எட்டிப் பார்த்தார். "பிரிசி, கால வேக வைக்கியா, கறி வேக வைக்கியா?"

வலியிலும் அந்தக் குதிப்பு என்ன அழகு! போன் கையில் இல்லாமல் போய்விட்டது.

ஆகஸ்ட் 2, சனி

கொப்புளம். அவர் காலில் இல்லை, செங்கல் தூக்கிய என் விரல்களில். டேலி வகுப்பில் ஒற்றை விரலால் தட்டினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஐஸ் வைத்தியம். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வைத்து, அதைப் பாதத்துக்கு அடியில் போட்டு முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். வண்டி கிளம்புவதற்கு முன் கால்மணி நேரம் அண்ணாச்சி உருட்டினார். "சுகமாத்தான் இருக்கு பாப்பா" என்றார். பாட்டிலை சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். எடுத்த வேகத்தில் அது பின்பக்கமாக உருண்டு ஓடிவிட்டது.

இட்டமொழி தாண்டித் திரும்பிப் பார்த்தால், கடைசி சீட்டில் வேட்டி கட்டிய ஒருவர் அதைக் குடித்துக்கொண்டிருந்தார். "எந்தப் புண்ணியவானோ, ஐஸ் தண்ணிய ஆளப் பாத்து உருட்டி விடுதான்" என்று பக்கத்துக்காரருக்கும் நீட்டினார்.

காஜா அண்ணன் என் காதில், "சொல்லவா, வேண்டாமா?" என்றார்.

"வேண்டாம்ணே. பாதிக்கு மேல குடிச்சாச்சு."

இன்று நாலு டேக்தான் எடுத்தேன். கால் வலி என்பதால் நானே குறைத்துக்கொண்டேன். நான் ஒன்றும் இரக்கமில்லாதவள் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இன்றைய பயிற்சி: சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையில் பதிய, சுவரைத் தள்ளுவது போல் நிற்க வேண்டும். கெண்டைக்கால் சதை இழுபடும், குதிகாலுக்கு நல்லது. பஸ் ஸ்டாண்டில் சுத்தமான சுவர் கிடையாது. அதனால் அண்ணாச்சி மேகலாவின் முதுகில் கை ஊன்றினார்.

ஐந்து வரை எண்ணியிருப்பேன். பூக்கடையில் இருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். "அண்ணாச்சி, ஒத்த ஆளாத் தள்ளுதிய? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" ஆட்டோ ஸ்டாண்டில் இருந்து நான்கு பேர். யாரோ ஏலேலோ போட்டார்கள். காஜா அண்ணன் உள்ளே ஏறி ஹேண்ட் பிரேக்கைப் பார்ப்பதற்குள் மேகலா ஒரு முழம் நகர்ந்து, முன்னால் இருந்த சர்பத் வண்டியை முத்தமிட்டு நின்றது.

கோமேதகம் பக்கத்தில் அரைமணி நேரத்தில் வீடியோ வந்துவிட்டது. தலைப்பு: 'தள்ளுவண்டி மேகலா'. எண்பத்தெட்டாயிரம் பேர்.

சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

காஜா அண்ணன் என் வைத்தியத்துக்குத் தடை போட்டு, அண்ணாச்சியைத் திருநெல்வேலியில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். நானும் போனேன், பொறுப்பாளர் என்ற முறையில். இளவயது டாக்டரம்மா. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். குதிகால் எலும்பின் அடியில் குட்டியாக ஒரு கொக்கி.

"இதுவா முள்ளு?" என்றேன். பல்லைக் கடித்தேன்.

"இதைப் பாத்து பயப்படாதீங்க. இந்த முள் நிறைய பேருக்கு இருக்கு, வலியே இருக்காது. வலி இதுல இல்ல. உள்ளங்காலுக்கு அடியில பட்டையா ஒரு ஜவ்வு இருக்கு, அதுலதான். அடிபட்டு அடிபட்டு நைஞ்சிருக்கு."

காலையில் தரையில் கால் வைக்கும் முன் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்க வேண்டும். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் கூடாது, மெத்தென்ற செருப்பு வேண்டும். ஷூவுக்குள் சிலிக்கான் பேட். சரியாக மாதக்கணக்கு ஆகும், ஆனால் சரியாகிவிடும். கிளட்ச் மிதிப்பதைப் பாதத்தின் முன்பகுதி பார்த்துக்கொள்ளும், ஓட்டலாம். உட்கார்ந்து எழுந்து வைக்கும் முதல் அடிதான் கவனம். எல்லாம் எழுதிக்கொண்டேன். பிறகு டாக்டரம்மா கேட்டார்.

"உயரத்துல இருந்து குதிக்கிற மாதிரி எதாவது வேலை உண்டா?"

அண்ணாச்சி காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"லோடு இறக்குவீங்களா?"

"இல்லம்மா. டிரைவரு."

"அப்ப குதிக்க வேண்டிய அவசியம் இல்லையே."

"இல்ல" என்றார் அண்ணாச்சி.

காஜா அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன். இருநூற்றாறு எலும்பு என்று போட்டிருந்தது. சரிபார்க்கலாம் என்று எண்ண ஆரம்பித்தேன். கால் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

இன்று ரீல் போடவில்லை. நெட் சரியில்லை. நாலு கோடு காட்டியது, ஆனாலும் சரியில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆர்மியின் உயர்மட்டக் குழுவில் எக்ஸ்ரேயைப் படமெடுத்துப் போட்டேன். மொத்தம் பதினான்கு பேர்தான். 'ரகசியம், யாருக்கும் அனுப்பக் கூடாது' என்று மூன்று முறை எழுதினேன். எல்லோரும் அழுகிற பொம்மை போட்டார்கள். 'அண்ணாச்சிக்காக ஏதாவது செய்யணும் அட்மின்' என்றார்கள். பாசக்காரப் பயல்கள்.

ஆகஸ்ட் 13, புதன்

செய்துவிட்டார்கள்.

காலையில் திசையன்விளை பஸ் ஸ்டாண்டு வாசலில் பன்னிரண்டு அடி அகலத்துக்கு ஃப்ளெக்ஸ். நடுவில் அண்ணாச்சியின் குதிகால் எக்ஸ்ரே, ஒரு ஆள் உயரத்துக்கு. முள்ளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மேலே, 'எங்கள் சிங்கத்தின் குதிகாலே, சீக்கிரம் குணமாகு! முள்ளே, வெளியேறு!' கீழே பதினான்கு பேரும் கூலிங்கிளாஸோடு. ஒருவன் ஏணியில் ஏறி எக்ஸ்ரே மேல் பால் ஊற்றிக்கொண்டிருந்தான். சந்தைக்குப் போகிற ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுவிட்டு, "இது எந்தச் சாமி?" என்று என்னிடம் கேட்டார்.

இதுகூடப் பரவாயில்லை. ஃப்ளெக்ஸ் என்றால் முதலாளி படம் போடாமல் இருக்க முடியுமா? மரியாதை இல்லையா? வலது மூலையில் முதலாளி தங்கதுரை கும்பிடு போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தன் படம் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, புதுச்சட்டை மாட்டிக்கொண்டு ஆசையாகப் பார்க்க வந்தார் முதலாளி. முதலில் தன் படத்தைப் பார்த்தார். பிறகு நடுவில் பார்த்தார்.

"ஏல, இது யாரு காலு?"

பஸ் ஸ்டாண்டே பதில் சொன்னது.

அண்ணாச்சி இறங்கி வந்தார். முதல் நாலு அடி தத்தியபடிதான்.

"கால் இந்த லெச்சணத்துல இருக்கு. எங்கிட்ட சொல்லல, என்ன வேய்?"

"ஓட்டுறதுக்கு ஒண்ணும் செய்யல மொதலாளி."

"அத நான் பாக்கேன். இருவத்தொம்பதாம் தேதி மொத டிரிப்பு நீரே எடும். நான் பின்னால இருப்பேன். ராபினும் யூனிபாரம் போட்டு இருப்பான். கிளட்ச் ஒரு எடத்துல தடுமாறிச்சின்னா பாதி வழியில, மூலக்கரைப்பட்டியிலயே ஆள மாத்திருவேன். ஆமா, சொல்லிட்டேன்."

போகும்போது, "என் படத்த இன்னும் கொஞ்சம் பெருசாப் போட்டுருக்கலாம்ல" என்றார்.

அண்ணாச்சி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. போனில் இடமில்லை என்று பழைய வீடியோக்களை அழிக்க உட்கார்ந்தேன். பக்கத்தில் போட்ட ரீல்கள் எண்பத்தாறு. போடாத டேக்குகள் தனி ஃபோல்டரில். தூசி சரியில்லாதது, மீசை மறைந்தது, குறுக்கே மாடு வந்தது. எல்லாம் சேர்த்து நானூற்றுப் பதினெட்டு.

டிரைவர் கதவின் உயரத்தை முன்பு ஒருநாள் அளந்திருக்கிறேன், ஒரு ரீலுக்காக. மூன்றரை அடி. கால்குலேட்டரில் பெருக்கினேன். ஆயிரத்து நானூற்று அறுபத்து மூன்று அடி.

ஜூன் மாதத்து டேக்குகளில் குதித்த பிறகு அவர் முகம் ஒரு நொடி சுருங்குகிறது. அந்த நொடியை நான்தான் ஒவ்வொன்றிலும் வெட்டியிருக்கிறேன். எடிட்டிங்கில் அப்படித்தான், தேவையில்லாததை வெட்டுவது வழக்கம்.

இதனால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். துண்டைப் பாதத்தில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புதுச் செருப்பு. மெத்தென்றது அவர் அளவில் ஒரே ஜோடிதான் கடையில் இருந்ததாம். வாரில் பெரிதாக ஊதாப் பூ.

"அண்ணாச்சி, அந்த டாக்டரம்மா குதிப்பியளான்னு கேட்டப்ப ஏன் இல்லன்னிய?"

"நீ பக்கத்துல இருந்தல்லா."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

சொர்ணம் மதினி முறுக்குத் தட்டை என் முன்னால் வைத்தார். "வலிக்கது அவருக்கு. அவருக்குத் தெரியாம இருக்குமாட்டி? நானும் நாலு மாசமாச் சொல்லுதேன். கேட்டாத்தான?"

"பின்ன ஏன் குதிச்சிய?"

அண்ணாச்சி துண்டை விட்டுவிட்டுச் செருப்பின் பூவைப் பார்த்தார்.

"இருவத்தெட்டு வருசமா வண்டி ஓட்டுதேன் பாப்பா. வண்டி நின்ன ஒடன எல்லாரும் அந்தப் பக்கமா எறங்கிப் போயிருவாவ. இந்தப் பக்கம் நான் ஒருத்தன் எறங்குறத எவனும் திரும்பிப் பாத்ததில்ல. நீ கீழ போனத் தூக்கிட்டு நிக்கதப் பாத்தா... என்னமோ, நின்னு எறங்கத் தோண மாட்டேங்கு."

இரண்டு முறுக்கு தின்றேன். மூன்றாவது இறங்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

ஐந்து நாளாக ரீல் இல்லை. ஆயிரத்து நூறு பேர் பக்கத்தை விட்டுப் போய்விட்டார்கள். 'அட்மினுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?' என்று ஒரு கமெண்ட். ஊதாப் பூ செருப்பைக் கோமேதகம் பக்கம் படம் பிடித்துப் போட்டிருக்கிறது. 'பூவே உனக்காகக் குதித்தேன்' என்று அதன் அட்மின் எழுதியிருக்கிறான். எழுதத் தெரிந்த பயல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணாச்சிக்குக் காலையில் முதல் அடி இப்போது கொஞ்சம் பரவாயில்லையாம். முன்பு ஆணி, இப்போது ஜல்லி என்றார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நாளை புது மேகலா. ஆர்மியில் இருந்து இருநூறு பேர் திருநெல்வேலிக்கு வருகிறார்களாம். 'உலகத்தின் மிகப் பெரிய குதிப்பு' என்று போஸ்டர் அடித்துவிட்டார்கள். நான் நிச்சயமாக அடிக்கச் சொல்லவில்லை.

'நாளை குதிப்பு கிடையாது' என்று பக்கத்தில் எழுதினேன். 'சஸ்பென்ஸ் வைக்காத அட்மின்' என்று சிரித்தார்கள். 'உண்மையாகவே கிடையாது' என்றேன். நூற்றிருபது நெருப்புப் பொம்மை வந்தது. இவர்களை இப்படி வளர்த்தது யார் என்றே தெரியவில்லை.

ஷெட்டுக்கு வந்து நிற்கிற புது வண்டியில் டிரைவர் கதவு இன்னும் அரையடி உயரம்.

காஜா அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் கலர் சோடாக் கடையில் இருந்து காலியான மரப்பெட்டி ஒன்று வாங்கிவந்தார். சோடா பாட்டில் அடுக்குகிற பெட்டி. ஏறி நின்று மிதித்துப் பார்த்தேன். ஆடவில்லை. புது வண்டியில் என் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முதலில் இருந்து எழுதுகிறேன். எதையும் வெட்டாமல்.

ஆறு நாற்பதுக்கு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுப் புது மேகலா கிளம்பியது. டிரைவருக்குப் பின்னால் முதலாளி. அவர் பக்கத்தில் ராபின், கஞ்சி போட்ட காக்கியில், முட்டி மடங்காமல். அவன் கண் முழுக்க அண்ணாச்சியின் இடது காலில். நான் எதிரே இருந்து அவன் கண்ணைப் பார்த்தேன். இட்டமொழியில் கிளட்ச் விழுந்தது, எழுந்தது, ஒரு குலுக்கல் இல்லை. வேகத்தடைகளில் வண்டி தொட்டில் மாதிரி ஏறி இறங்கியது.

மூலக்கரைப்பட்டி வந்தது. காஜா அண்ணன் விசில் ஊத மறந்து முதலாளியைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம்.

முதலாளி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

ராபின் தோளைத் தொட்டு, "மாமா, மூலக்கரைப்பட்டி" என்றான்.

"வண்டி ஓடுதுல்லா? பேசாம இரு" என்று மறுபக்கம் சாய்ந்துகொண்டார்.

எட்டு இருபத்தொன்பதுக்கு ஒரே வளைப்பில் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தோம். டிரைவர் பக்கம் இருநூறு பேர். இருநூறு போன் உயர்ந்தது. செண்டை மேளம் நிஜமாகவே வந்திருந்தது. அண்ணாச்சி கதவைத் திறந்தார். சத்தம் காதைக் கிழித்தது. மீசையைத் தடவினார். குதிக்க முட்டியை மடக்கினார்.

நான் பயணிகள் பக்கமாக இறங்கி, வண்டியைச் சுற்றி, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். கதவுக்கு நேர் கீழே வைத்தேன்.

"எறங்குங்க அண்ணாச்சி."

"ஏட்டி, எல்லாரும் காத்துக் கெடக்காவ."

"எறங்குங்க. பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். போன் பையில கெடக்கு."

என் இரண்டு கைகளையும் பார்த்தார். காலியாக இருந்தன. கம்பியைப் பிடித்தார். ஊதாப் பூ முதலில் வெளியே வந்தது. ஒரு கால் பெட்டியில். நின்றார். மறு கால் பெட்டியில். பிறகு ஒவ்வொன்றாகத் தரை. முகம் சுருங்கவில்லை, ஒரு நொடிகூட.

மேளம் பாதியில் நின்றது. "அவ்ளோதானா?" என்றான் ஒருவன். போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். "என்னல அவ்ளோதானா? வண்டி ஓட்டத்தான் ஆள் வச்சிருக்கேன். குதிக்கதுக்கு ரெண்டு கொரங்கு பிடிச்சாப் போதும்." அப்புறம் அண்ணாச்சியிடம் சாவியைக் கொடுத்தார். "அடுத்த டிரிப்புக்கு டைமாயிரும். போய் சாப்ட்டுட்டு வாரும். ராபின், நீ எனக்கு ஒரு டீ சொல்லு."

நான் அழவில்லை. புது பஸ்ஸின் பெயின்ட் வாசனை கண்ணுக்கு ஆகாது.

கூட்டம் கலைந்தபோதுதான் கவனித்தேன். பக்கத்தில் கோமேதகம் நின்றது. டிரைவர் அருளப்பன் கதவைத் திறந்துவைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு நேரமும் இறங்காமலே நின்றுகொண்டிருந்தார். கீழே அவருடைய அட்மின் போனைத் தூக்கி, "அண்ணே, ரெடி, இன்னும் ஒரே ஒரு தடவ" என்று கத்தினான். அவர் அவனைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"தாயி, அந்தப் பொட்டிய இங்கனயும் கொஞ்சம் கொண்டாயேன்."

தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். அவருக்கும் இடது கால்தான்.